மேகலாவுக்குத் தெரிய வேண்டாம்

காதுல மாட்டியிருந்ததக் கழட்டிட்டீங்களா? நல்லதுங் கண்ணு. பஸ்ஸு ஈரோடு போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் வாயை மூடிட்டு உக்கார எனக்கு வராதுங்க. நீங்க படிச்ச புள்ளையாட்டத் தெரியறீங்க, ஒரு நாயம் கேக்கறேன், சொல்லுங்க. கூடப் பழகற ஒருத்திக்கு மனசுல சீக்குன்னா, மத்தவங்க பதனமா நடந்துக்கோணுமா, வேண்டாமா?

நடந்துக்கோணுமில்ல? அதத்தானுங்க நானும் பண்ணினேன். அதுக்குத்தான் இந்தப் பேச்சு வாங்கியிருக்கேன்.

எம்பேரு சாந்தாமணிங்க. கோபில வாய்க்கா மேட்டுக்கு அக்கட்டால எங்கூடு. மேகலா மூணு வீதி தள்ளி. எம்பையனும் அவ பையனும் ஒண்ணாப் பள்ளிக்கூடம் போனப்ப ஆன பழக்கம், இருவத்திரண்டு வருசமாச்சு. எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. அவ கவுந்தப்பாடிப் பக்கம் சின்னப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல டீச்சரு. எங்கூட்டுக்காரரு ஒரு நாளைக்குப் பேசறது மொத்தமா பத்து வார்த்தைங்க, அதுல நாலு 'ம்'. அதனால எனக்குப் பேச்சுன்னா மேகலாதான். மாமியாக்காரி சொன்னது, மருமக சொல்லாதது, அல்லாத்தையும் அவகிட்டத்தான் கொட்டுவேன். அவளும் கேப்பா. கேட்டுப்போட்டு, "தப்பு உம்பேர்லதான் சாந்தா"ம்பா. சண்டை வரும். ரெண்டு நாள் பேசமாட்டோம். மூணாம் நாள் அவளே வந்து காபி போடுன்னு உக்காந்துக்குவா.

அப்படி இருந்தவளுக்கு, போன வருசத்துக்கு முந்தின வருசம் பொரட்டாசியில ஏறிப்போச்சுங்க. அஞ்சு நாள் பொட்டுத் தூக்கமில்ல. வீட்டுல இருக்கற பாத்திரம் பூராத்தையும் வாசல்ல போட்டு வெளக்கினா. நாங்க ரெண்டு பேரும் கும்மிக் குழுவுல இருந்தோமா, ஊர்ல இருக்கற நூறு பேரைக் கும்மிக்குச் சேர்க்கறேன்னு வீடு வீடாப் போனா. கும்மி வாத்தியாரப் பாத்து, அல்லாரும் நிக்கறப்பவே, "மூணாவது அடியில நீங்க தாளத்தை உடறீங்க"ன்னு சொல்லிப்போட்டா. அது வாஸ்தவந்தானுங்க, மூணாவது அடியில அவரு உடுவாரு. ஆனா நல்ல மனநெலையில இருக்கற யாராச்சும் அதச் சொல்லுவாங்களா?

அப்பறம் எறங்குச்சு. ஏறினத விட மோசம். சுவத்தப் பாத்துப் படுத்தவ படுத்தவதான். கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரில மூணு வாரம் வெச்சிருந்தாங்க. இருமுனைக் கோளாறுன்னு பேரு சொன்னாங்களாம். எங்க வாயில அது வருமுங்களா? நாங்க "அந்த ரெண்டு பக்கம்"னு சொல்லிக்குவோம், அதும் மெதுவா. மேகலா என்னன்னா, பல்லு வலின்னு சொல்றாப்பல, "எனக்கு பைபோலாருங்க, மாத்திரை சாப்பிடறேன்"னு தையக்காரர்கிட்டக்கூடச் சொல்றா. எனக்கு உசுரே போயிருமுங்க.

அவ படுத்துக் கெடந்தப்ப ஒரு நாள் உடாமப் போனேன். தெனமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் தைரியம் சொல்லுவேன். "உனக்கென்ன கொறச்சல்"னு ஆரம்பிச்சு, என்னென்ன கொறச்சல் இல்லீன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுவேன். நல்ல வீடு, நல்ல புருசன், பையனுக்கு வேலை, வாசல்ல கறிவேப்பில மரம். கண்ணுல தண்ணி ஊத்திக்கிட்டே கெடப்பா. நம்ம பேச்சுக்கு மனசு எளகுதுன்னு நான் இன்னுங் கொஞ்சம் சேர்த்துச் சொல்லிட்டு வருவேன்.

அந்தச் சமயத்துல தானுங்க இந்தப் பேபி உள்ள வந்தது. மாவுக்கடை பேபி. இட்லி மாவு அரைச்சு விக்கறவ, வாய் வண்டி ஹாரனாட்ட இருக்கும். மாவு குடுக்க வந்தவ உள்ள எட்டிப் பாத்துப்போட்டு, "ஏ புள்ள, தல நாறுது, எந்திரிச்சு உக்காரு, எண்ணெ வெச்சு உடறேன். நீ ஒண்ணும் பேச வேண்டாம்"னா. நான் பக்கத்துல இருக்கறேன்! சீக்காளிகிட்டப் பேசற பேச்சுங்களா அது? அவ பாட்டுக்கு அரை மணி நேரம் சிக்கெடுத்தா. ஒரு வார்த்தை தைரியம் சொல்லல. மறுநாளும் வந்தா. அதுக்கு மேல ஒண்ணு கேட்டா பாருங்க: "உனக்குச் சீக்கு திருப்பி வந்தா எப்படித் தெரியும்? அப்ப நான் என்ன பண்ணோணும்?" நேருக்கு நேரா! மேகலாவும் சொல்றா: "ரெண்டு நாள் நான் தூங்கலீன்னு தெரிஞ்சா எங்கூட்டுக்காரருக்குச் சொல்லு. நான் மாத்திரை வேண்டாம்னா, அப்பவும் சொல்லு. மத்த நேரம் சும்மா இரு." பேபி செரின்னுட்டு மாவு வாளியத் தூக்கிட்டுப் போயிட்டா.

இருவத்திரண்டு வருசம் பழகின நான் அப்படி ஒரு வார்த்தை கேட்டிருப்பனுங்களா? இங்கிதம்னு ஒண்ணு வேண்டாமுங்களா?

தை பொறந்து அவ எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சா. மாத்திரை ஒத்துக்குச்சு. பள்ளிக்கூடத்துக்கும் போனா. அப்பத்தான் கும்மிக் குழுவுல நாங்க நாலு பேரு, நானு, ரத்னா, இன்னும் ரெண்டு பேரு, உக்காந்து பேசி முடிவு பண்ணினோம். இவள இனிக் கண்ணாடிச் சாமானாட்டப் பாத்துக்கோணும். போன்ல ஒரு குரூப்பு போட்டோம். பேரு 'மேகலா பதனம்'. அதுல மேகலா இல்லீங்க. அவள வெச்சுட்டு எப்படி அவளப் பத்திப் பேசறது?

அவகிட்ட என்னென்ன பேசக்கூடாதுன்னு ஒரு கணக்கு வெச்சிருந்தோம். எழவு சொல்லக்கூடாது. ஆஸ்பத்திரி, சண்டை, வரன் தட்டிப் போனது, ஒண்ணும் சொல்லக்கூடாது. நெம்பச் சிரிக்க வெக்கவும் கூடாது, ஏறிக்கும். கடைசில வெயிலும் வெண்டக்காயும்தான் பேச்சுக்கு மிச்சம். ஒருக்கா ரத்னா, "வெண்டக்கா பூரா முத்திப்போச்சு, அத்தனையும் வீணு"ன்னு சலிச்சுக்கிட்டா. நான் அவ தொடையில கிள்ளினேன்.

மேகலா சிரிச்சா, 'ஏறுதோ'ன்னு குரூப்புல போடுவோம். சும்மா இருந்தா, 'எறங்குதோ'ன்னு போடுவோம். புதுச் சேலை கட்டினா ஒருத்தி போடுவா, பழைய சேலை கட்டினா இன்னொருத்தி போடுவா. ஒரு நாள் வாத்தியாருக்கு மைக்கு வயர் கால்ல சிக்கி, அவரு ஆடின ஆட்டத்தைப் பாத்து மேகலா உளுந்து உளுந்து சிரிச்சா. உண்மையச் சொல்லோணும்னா அல்லாரும்தான் சிரிச்சோம். ரத்னா உடனே, "மேகலா இன்னிக்கு நெம்பச் சிரிக்கறா, கவனம்"னு போட்டா. போட்ட எடம் தப்பிப் போச்சுங்க. கும்மிக் குழு குரூப்புல போட்டுட்டா. அறுவது பேரு இருக்கற எடம், வாத்தியாரும் இருக்கறாரு, மேகலாவும் இருக்கறா.

கொஞ்ச நேரத்துல மேகலா பதில் போட்டா: "மொத்தம் பதினோரு தடவை சிரிச்சேன். ரத்னா பதினாலு. குறிச்சு வெச்சுக்கோங்க."

கோவிச்சுக்கிட்டாளான்னும் தெரியல, வெளையாட்டுக்கா சொன்னாளான்னும் தெரியல. அத வெச்சே எங்களுக்குள்ள ரெண்டு நாள் ஓடுச்சு.

அப்படியே ஒரு வருசம் ஓடுச்சு. கும்மி அரங்கேற்றம் இந்த வைகாசியில. மேகலாவ அதுல நிறுத்தறதா வேண்டாமான்னு பேச்சு வந்துது. நாந்தான் வேண்டாம்னேன். கூட்டம், மைக்குச் சத்தம், மூணு மணி நேரம் ஆடோணும். அதும் போக மாத்திரைக்கு அவளுக்குக் கை லேசா நடுங்கும். அவகிட்டயே சொன்னேன்: "கண்ணு, உனக்குக் கை நடுங்குதில்ல, இந்த வருசம் உக்காந்து பாரு."

"கும்மியில கை தட்டத்தானே போறேன் சாந்தா? ஊசியில நூலா கோக்கப்போறேன்?"

"இல்ல மேகலா, உன் நல்லதுக்குத்தான்."

"என் நல்லதுன்னு நீயே சொன்னா எப்படி? டாக்டரே ஆடச் சொல்லியிருக்கறாரு."

டாக்டரு சொல்லுவாரு. அவரா வந்து எதுத்தாப்பல நிக்கப்போறாரு? அதனால அடுத்த வாரத்துலருந்து, பயிற்சி நின்னுபோச்சுன்னு அவகிட்டச் சொல்லிப்போட்டோம். கும்மிப்பாட்டு மைக்குல போடறது, மூணு வீதிக்கும் கேக்கும்ங்கறத யோசிக்கலீங்க. மறுநாள் காய்க்கடையில பாத்துக் கேக்கறா: "பயிற்சி இல்லாமயே நேத்து வாத்தியாரு மூணாவது அடியில தாளம் உட்டாரே, எப்படி?"

நான் வெண்டக்கா என்ன வெலைன்னு கேட்டேன்.

அதோட உட்டிருந்தாக்கூட செரியாப் போயிருக்கும். பங்குனியில எனக்கு ஒரு ஆப்பரேசன் ஆயிப்போச்சுங்க. கர்ப்பப்பையை எடுக்கோணும்னுட்டாங்க. ஆமாங் கண்ணு, இப்பச் செரியாப் போச்சு. ஈரோட்ல ஆறு நாள் இருந்தேன். ரத்னா வந்தா, மத்தவங்க வந்தாங்க, கும்மி வாத்தியாரே ஆரஞ்சு வாங்கிட்டு வந்தாரு. மேகலாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு அல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தேன். தெரிஞ்சா வெசனப்படுவா. வெசனப்பட்டா எறங்கிரும். பெங்களூர்ல பையன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லியிருந்தேன். நம்போணுமில்லீங்களா, அதுக்காகப் படுக்கையில கெடந்துக்கிட்டே, போன வருசம் அங்க பூங்காவுல எடுத்த போட்டோவத் தேடி அனுப்பினேன். "சூப்பர் கிளைமேட்"னும் போட்டேன். கையில ஊசி குத்தியிருந்துது, எடது கையிலதான் அடிச்சேன். எத்தனை சிரமம் பாருங்க.

அவ பதில் போட்டா: "அந்த ஊர்ல பூவெல்லாம் வருசா வருசம் ஒரே எடத்துலதான் பூக்குமா?"

எனக்கு அப்ப வெளங்கல. மயக்க மருந்து.

ஊருக்கு வந்து பத்தாவது நாளு, கதவத் தட்டாம உள்ள வந்தா. நான் படுத்திருந்தேன். அந்தப் பேபி அந்த ஆஸ்பத்திரி கேண்டீனுக்கும் மாவு போடறாளாம். எங்கூட்டுக்காரரு பிளாஸ்கு தூக்கிட்டு நடக்கறதப் பாத்துப்போட்டு, நேரா இவகிட்ட வந்து, "உன் கூட்டாளிக்கு என்னாச்சு?"ன்னு கேட்டிருக்கா.

மேகலா கட்டில் பக்கத்துல நின்னா. உக்காரல.

"ஆறு நாள் ஆஸ்பத்திரியில கெடந்திருக்கே. வாத்தியாருக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது."

"உனக்கு வெசனமாயிருமேன்னுதான் மேகலா..."

"வெசனம் ஆகட்டுமே! உனக்கு வயித்த அறுத்திருக்காங்க, நான் வெசனப்படாம வேற யாரு படுவா? வெசனப்படறது சீக்கு இல்ல சாந்தா."

அந்தச் சமயத்துல எதுத்துப் பேசக்கூடாதுன்னு எங்கியோ படிச்சிருந்தேன். மெதுவா மூச்ச இழுத்து உடச் சொன்னேன். அவ என்னையே பாத்தா.

"நான் கோபமா இருக்கேன். இதுக்கு மாத்திரை கெடையாது. பதிலுக்கு நீயும் கத்து."

"நீ உக்காரு கண்ணு, தண்ணி குடி"ன்னேன், பதனமா.

போயிட்டாளுங்க. அந்தக் கண்ணுங்கறதுதான் அவளுக்கு ஆகலயாம். "இருவத்திரண்டு வருசமா என்னை 'ஏ மேகலா'ன்னு கூப்பிட்டவ, சீக்கு வந்ததுக்கப்பறம் கண்ணுங்கறா. எனக்குக் கூட்டாளி வேணும், நர்சு வேண்டாம்"னு ரத்னாகிட்டச் சொன்னாளாம். பாசமாக் கூப்பிடறது குத்தமுங்களா, நீங்களே சொல்லுங்க கண்ணு.

அதுக்கப்பறம் வர்றதில்ல. போன் போட்டா எடுப்பா, ரெண்டு வார்த்தை பேசி வெச்சிருவா. நான் 'மேகலா பதனம்'ல, "எறங்குது, அல்லாரும் உசாரா இருங்க"ன்னு போட்டேன். அவ எங்க எறங்கினா? பக்கத்து ஊர்ல பேபி ஆடற கும்மிக் குழுவுல போய்ச் சேர்ந்துக்கிட்டா! அங்க முன் வரிசையாம்.

எங்க அரங்கேற்றம் முடிஞ்சுது. நான் வெளியத்தான் உக்காந்திருந்தேன், தையல் பிரிஞ்சிரும்னு. எங்கூட்டுக்காரரு போட்டோ எடுத்தாரு. நல்லா இருந்துதுன்னு அல்லாரும் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து அதப் பத்திப் பேசோணும்னு பாத்தா, பேசறதுக்கு ஆளில்ல. எங்கூட்டுக்காரரு "ம்"னாரு. நாலு மாசமா என் மருமக என்கிட்டப் பேசறதில்லீங்க, அதயும் யார்கிட்டயும் சொல்லல. ரத்னாகிட்டச் சொன்னா குரூப்புல போட்டுருவா.

ஆடியில மேகலா சேர்ந்த குழுவோட அரங்கேற்றம். எனக்கு அழைப்பு இல்ல. வந்துதுங்க, போன்ல பத்திரிகை வந்துது, அதெல்லாம் அழைப்பா? வாய் தொறந்து ஒரு வார்த்தை கூப்பிடல. ஆனாலும் போனேன். அவளுக்கு என்னமாச்சும் ஆனா பக்கத்துல தெரிஞ்சவங்க வேணுமில்ல? ஒலிபெருக்கிக்குப் பின்னால, அவ கண்ணுல படாம நின்னுக்கிட்டேன்.

கிளிப்பச்சையில சேலை, கால்ல சலங்கை, எரநூறு பேரு. மேகலாவக் கண்டுபிடிச்சுட்டேன். நல்லாத்தான் ஆடினா. நடுவுல ஒரு அடி மாத்திப் போட்டுட்டா. பக்கத்துல இருந்த பேபி ஊருக்கே கேக்கற மாதிரி, "ஏ லூசு! வலது கால் முன்னால!"ங்கறா.

லூசு! எத்தனையோ வார்த்தை இருக்குது, அந்த வார்த்தையா? நாங்க வீட்டுல திருகு கழண்டதக்கூட அவ முன்னால 'லூசா இருக்குது'ன்னு சொல்றதில்லீங்க. மேகலா என்ன பண்ணினாங்கறீங்க? "நீ ஒழுங்கா தட்டுடி, மாவு ஆட்டறவளே"ன்னு ஒரு சிரிப்பு. காலை மாத்தி வெச்சா, தாளம் வந்து சேர்ந்துக்குச்சு. அவ்வளவுதான்.

ஆட்டம் முடிஞ்சு தண்ணி குடிக்க இந்தப் பக்கம் வந்தவ என்னைப் பாத்துட்டா. மூச்சு வாங்குது. "வந்துட்டயா?"ன்னா.

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கோபம் எங்கிருந்து வந்துதுன்னு தெரியலீங்க.

"வராம? நீ கூப்பிடாட்டியும் வருவேன்! உனக்கு எத்தனை பாத்தேன், எத்தனை பண்ணினேன், அந்த மாவுக்காரி ரெண்டு நாளு எண்ணெ வெச்சு உட்டான்னு அவ பின்னாலயே போயிட்டே இல்ல? நான் ஆறு நாள் அங்க கெடந்தனேடி. ஒவ்வொரு தடவை கதவு தொறக்கறப்பவும் நீயான்னு பாத்தேன். நர்சு வர்றா, ரத்னா வர்றா, வாத்தியாரு ஆரஞ்சோட வர்றாரு. நீ வரல! ஒரு நாளாச்சும் வந்தயா?"

நாந்தான் அவகிட்டச் சொல்ல வேண்டாம்னு சத்தியம் வாங்கினது. அது வேற விசயம்.

அக்கம்பக்கத்துல அல்லாரும் பாக்கறாங்க. பேபி தண்ணிச் சொம்போட அப்படியே நிக்கறா. மேகலா மொகம் ஒரு மாதிரி ஆச்சு. போச்சு, இன்னிக்கு எறங்கிரும், நாந்தான் எறக்கிட்டேன்னு எனக்குப் பதறுது. அவ சிரிக்கறா! சிரிச்சுக்கிட்டே கண்ணுல தண்ணி வேற. வந்து என் தோளைப் புடிச்சு ஒரு உலுக்கு உலுக்கினா.

"இத அப்பவே கேக்கறதுக்கு உனக்கு என்னடி? ஒன்றரை வருசமா எங்கடி போயிருந்தே?"

"நான் எங்கயும் போகல, ஊர்லதான் இருக்கேன்"ன்னேன். அதுக்கும் சிரிக்கறா.

ஒரே சமயத்துல சிரிப்பும் அழுகையும்னா ரெண்டு பக்கமும் சேர்ந்தில்ல வந்திருக்குது? எனக்கு அப்படித்தான் தோணுச்சு. கோயில் மதிலுக்கு அக்கட்டால போய் அவளூட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவரு பொறுமையாக் கேட்டாரு.

"ஏனுங்க்கா, நேத்து ஒம்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்குத்தான் எந்திரிச்சா. மாத்திரை சாப்பிட்டா. கும்மி நல்லா ஆடியிருக்கா, நீங்க வேற வந்திருக்கீங்க. அவ சிரிக்காம என்ன பண்ணுவா?"

"அழுவறாளுங்களே?"

"நீங்க?"

போனை வெச்சுட்டேன். ஆடிக் காத்து, கண்ணுல தூசி.

ரெண்டு நாள் கழிச்சு மேகலா போன் போட்டா. ஆப்பரேசனுக்கு அப்பறம் என்னிக்குக் காட்ட வரச் சொல்லியிருக்காங்கன்னு கேட்டா. இன்னிக்குத் தேதியச் சொன்னேன். "கூட வர்றேன்"னா. "உனக்கெதுக்குச் சிரமம், ஆஸ்பத்திரி வாசனை உனக்கு ஆகாது"ன்னேன். "சாந்தா, அந்தக் குரூப்ப இன்னிக்கே கலைக்கறே, இல்லீன்னா என்னையும் அதுல சேர்த்துடறே. ரெண்டுல ஒண்ணு"ன்னா. சேர்த்துட்டனுங்க. இப்பத் தெனமும் காலையில அவளே போடறா: "எட்டு மணி நேரம் தூங்கினேன். சிரிப்பு இன்னும் ஆரம்பிக்கல. சாந்தாவுக்கு மருமக மேல கோபம், கவனம்." மருமக விசயத்தை எப்படிக் கண்டுபிடிச்சாளோ. போன்ல அரை மணி நேரம் கொட்டினேன், அதுலதான் இருக்கும். தப்பு எம்பேர்லதானாம்.

அட, கவுந்தப்பாடி வந்திருச்சு. அவ பள்ளிக்கூடத்துல அரை நாள் லீவு சொல்லிப்போட்டு இங்கதான் ஏர்றா. கண்ணு, தப்பா நெனைக்காதீங்க, கொஞ்சம் பின்னால போய் உக்கார்றீங்களா? நான் சொன்னதொண்ணும் அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. சொன்னாலும் பரவால்ல, சொல்லாதீங்க. அதா, அங்க நிக்கறா பாருங்க, நீலக்கலர் சேலை.

"ஏ மேகலா! பஸ்ஸு நிக்கறதே ஒரு நிமிசம், ஆடி அசைஞ்சு வர்றே? உனக்காக டிரைவரு எறங்கி வந்து தூக்கிட்டுப் போவாரா? ஏறித் தொலைடி!"

செரியாத் திட்டினனுங்களா?